கம்பெனி பதிவு இருக்கிறது, டொமைனும் இருக்கிறது. டிரேட்மார்க் வேறு எதற்கு?

கைத்தையல்:

வணக்கம் நண்பர்களே. நானும் என் சித்தப்பா மகனும் சேர்ந்து பை தைத்து விற்கிறோம். தோள் பை, பயணப் பை, லேப்டாப் பை, பிள்ளைகளுக்கான பென்சில் பை எல்லாம் உண்டு. பெயரை நாங்களே யோசித்து வைத்தோம். கம்பெனி அந்தப் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது, டொமைன் வாங்கியாயிற்று, ஒவ்வொரு பையின் உள்பக்கத் தையலிலும் அந்தப் பெயர் போட்ட துணி லேபிள் இருக்கிறது. விற்பனையில் பெரும்பகுதி ஆன்லைனில்தான்.

இப்போது நாங்கள் விற்கும் அதே தளத்தில் இன்னொருவர் எங்கள் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுப் பை விற்க ஆரம்பித்திருக்கிறார். எங்கள் போட்டோக்களையும் எடுத்துப் போட்டிருக்கிறார். ஜிப் பிய்ந்துவிட்டது, வார் அறுந்துவிட்டது என்று பை வாங்கியவர்கள் எங்களுக்குப் படம் அனுப்புகிறார்கள், லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது நாங்கள் தைத்த பையே இல்லை. அவர்களிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தளத்தில் புகார் கொடுக்கப் போனால் முதல் கட்டத்திலேயே டிரேட்மார்க் பதிவு எண் கேட்கிறது.

தம்பி என்ன சொல்கிறான் என்றால், அதெல்லாம் பெரிய கம்பெனிகள் செய்வது, அந்தப் பணத்தை விளம்பரத்தில் போட்டால் நாலு ஆர்டராவது வரும் என்கிறான். அவன் சொல்வதும் முழுக்கத் தவறு என்று தோன்றவில்லை. பதிவு செய்தால் உண்மையில் கையில் என்ன கிடைக்கும்? பெயரைப் பதிவு செய்வதா லோகோவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு:

சகோதரி, முதலில் கம்பெனிப் பதிவையும் டிரேட்மார்க்கையும் பிரித்துப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் குழம்புவது இங்கேதான். கம்பெனிப் பதிவு என்பது இந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது என்று அரசாங்கம் குறித்துக்கொள்வது, அவ்வளவுதான். அதே பெயரில் இன்னொரு கம்பெனி வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ஒருவர் அந்தப் பெயரை லேபிளில் அச்சடித்துப் பையில் தைத்து விற்றால் அது அவர்கள் வேலை இல்லை. டொமைன் வெறும் முகவரி. இந்தப் பெயரை இந்தப் பொருளின் மேல் போட்டு விற்கும் உரிமை இன்னாருக்கு மட்டும்தான் என்று சொல்வது டிரேட்மார்க் பதிவு ஒன்றுதான். அச்சு அசலாக அதே பெயருக்கு மட்டும் இல்லை, வாங்குபவர் குழம்பிப்போகிற அளவுக்கு நெருங்கிவரும் பெயருக்கும் அது பொருந்தும். எழுத்தை மாற்றிவிட்டேன், வேறு பெயர்தானே என்று உங்கள் ஆள் தப்பிக்க முடியாது.

நான் ஒரு டிரேட்மார்க் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இதன் இன்னொரு பக்கத்தையும் அன்றாடம் பார்க்கிறேன். பதிவு இல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய முடியாது என்று இல்லை. இங்கிலாந்துச் சட்ட மரபில் வந்த நாடுகளில் 'பாஸிங் ஆஃப்' என்று ஒரு வழக்கு உண்டு, தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதற்கு எதிரானது. ஆனால் அதில் ஜெயிக்க நீங்கள் மூன்றை நிரூபிக்க வேண்டும்: உங்கள் பெயருக்கு மக்களிடம் நல்ல மதிப்பு இருக்கிறது, எதிராளி செய்வது மக்களை ஏமாற வைக்கிறது, அதனால் உங்களுக்கு நஷ்டம். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? அந்த முதல் விஷயத்துக்கே பழைய பில்கள், விளம்பரச் செலவுக் கணக்கு, வாடிக்கையாளர் கடிதங்கள், பத்திரிகையில் வந்தது என்று கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும். சின்னத் தொழில் செய்பவர்கள் யார் அந்த மாதிரி காகிதமெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள்? பதிவு இருந்தால் சான்றிதழை நீட்டினால் போதும், உரிமை உங்களுடையது என்றே நீதிமன்றம் தொடங்கும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் எதிராளி தலையில். என்னைக் கேட்டால் பதிவின் ஆகப் பெரிய பலன் இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளம்புவது.

சீனா உட்படப் பல நாடுகளில் நிலைமை இன்னும் கடுமை. யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவருக்குத்தான் பெயர், நீங்கள் எத்தனை வருடமாக விற்கிறீர்கள் என்பது பெரும்பாலும் எடுபடாது.

அப்புறம் நடைமுறையில், நீங்களே சொல்லிவிட்டீர்கள், விற்பனைத் தளங்கள் கேட்பது எண்ணைத்தான். அமேசானின் பிராண்ட் ரெஜிஸ்ட்ரியில் சேரவே பதிவான டிரேட்மார்க்கோ நிலுவையில் இருக்கும் விண்ணப்பமோ வேண்டும். தளத்தில் உட்கார்ந்திருப்பவர் நீதிபதி இல்லை, இரண்டு பேரில் யார் சொல்வது உண்மை என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். எண் யாரிடம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஆள் இன்று போய் உங்கள் பெயருக்கு விண்ணப்பித்து, அந்த எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் விற்பனைப் பட்டியல்களைத் தளத்திலிருந்து நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? இது நடக்காத காரியம் இல்லை. நடந்தபின் மீட்பதற்கு ஆகும் செலவில் பாதிகூட இப்போது ஆகாது.

நெடுஞ்சாலை:

பதிவேடு சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பதிவு செய்யப் போகும் பெயர் பதிவுக்குத் தகுதியானதா என்று முதலில் பாருங்கள். 'உறுதியான பை', 'தரமான தோள்பை' மாதிரி பொருளின் தன்மையைச் சொல்லும் பெயர் என்றால் அதிகாரி நிராகரிக்கத்தான் வாய்ப்பு அதிகம். காரணம் நியாயமானது: உறுதியான பை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பை விற்கிற எல்லாருக்கும் வேண்டும், அதை ஒருவர் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது. எந்த அர்த்தமும் இல்லாமல் உருவாக்கிய சொல்லுக்குத்தான் பலம் ஜாஸ்தி. கோடக் என்பதற்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது, ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் தானே உருவாக்கிய சொல் அது. ஆப்பிள் வேறு ரகம், எல்லாருக்கும் தெரிந்த சொல்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதால் நிற்கிறது. அதையே பழம் விற்பவர் பதியப் போனால் கொடுக்க மாட்டார்கள்.

பெயரா லோகோவா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெயரை எழுத்துக் குறியாகப் பதியுங்கள். எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில் போட்டாலும் அது காக்கும். லோகோ மட்டும் பதிந்தால் அந்தப் படம் அந்த வடிவத்தில் இருக்கிற வரைக்கும்தான், நாளைக்கு லோகோவை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து. உங்கள் ஆள் திருடியிருப்பதும் பெயரைத்தானே தவிர படத்தை இல்லை.

விண்ணப்பிக்கும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். உலக அறிவுசார் சொத்து நிறுவனம், வைப்போ என்பார்களே, அவர்கள் நடத்தும் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் இலவசமாகவே தேடலாம். அதே எழுத்தாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதையும் தேடுங்கள். அதிகாரி அப்படித்தான் பார்ப்பார்.

எழுத்தாணி:

தம்பி பக்கமும் ஒருவர் பேச வேண்டும் இல்லையா, அதனால் எழுதுகிறேன். பதிவு செய்துவிட்டால் பிரச்சினை தானாகத் தீரும் என்ற நினைப்பில் பணத்தைக் கட்டிவிட்டு ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். அரசாங்கம் உங்களுக்காகக் காவல் காக்காது. யார் திருடுகிறார்கள் என்று நீங்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், நோட்டீஸ் அனுப்புவதும் வழக்குப் போடுவதும் உங்கள் செலவுதான். பதிவு அலுவலகம் விண்ணப்பத்தை வெளியிட்டதும் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் கொடுக்கலாம், கொடுத்துவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். பதிந்துவிட்டுப் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் அதையும் ரத்து செய்யச் சொல்லி எவரும் கேட்கலாம். உலக வர்த்தக நிறுவனத்தின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தில் குறைந்தது தொடர்ந்து 3 வருடம் பயன்படுத்தாமல் இருந்தால்தான் அப்படி ரத்து செய்யலாம் என்று இருக்கிறது, பல நாடுகளில் அது 5 வருடம்.

இன்னொன்று, சான்றிதழ் வரும் முன்பே பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் (®, பதிவானது என்று காட்டும் குறி) போட்டுவிடாதீர்கள். பதிவாகாத பெயருக்கு அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம். விண்ணப்பித்த நிலையில் டிஎம் (™) போட்டுக்கொள்ளலாம், அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னது வேண்டாம் என்பதற்காக இல்லை. ஆறு மாதத்தில் மூடிவிடலாமா என்று யோசிக்கும் தொழிலுக்கு அவசரமில்லை என்பேன். ஆனால் உங்கள் பெயரை ஒருவர் திருடுகிறார் என்றால் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டில் பொருள் சேர்ந்த பிறகு பூட்டு வாங்கக் கணக்குப் பார்க்கக் கூடாது. விளம்பரத்தில் போடும் காசும் இப்போது பாதி அந்த ஆளுக்குத்தான் போகிறது, உங்கள் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தேடி வருகிறவர்கள் அவர் பையை வாங்கிப் போகிறார்கள். தம்பியிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பெரிய கம்பெனிக்குத்தான் டிரேட்மார்க் என்பதும் சரியில்லை. பர்கர் கிங் ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும்போது அந்தப் பெயர் அடிலெய்டில் இருந்த ஒரு சின்னக் கடையின் பெயரில் ஏற்கெனவே பதிவாகி இருந்தது. அவ்வளவு பெரிய கம்பெனி அங்கே ஹங்ரி ஜாக்ஸ் என்று வேறு பெயரில் கடை திறக்க வேண்டியதாயிற்று, இன்றைக்கும் அங்கே அந்தப் பெயர்தான். பதிவேட்டுக்குப் பெரியவர் சின்னவர் தெரியாது, தேதிதான் தெரியும்.

கைத்தையல்:

எல்லாருக்கும் நன்றி. எழுத்தாணி அண்ணா சொன்ன விளம்பரக் கணக்கைத் தம்பியிடம் அப்படியே காட்டினேன், ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டான், அது சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அடுத்த சந்தேகம். யார் பெயரில் பதிவது? கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் சரிபாதி. தம்பி பெயரில் போட்டால் வேலை சுலபம், எல்லாக் காகிதமும் அவன் கையில்தான் இருக்கிறது என்கிறான். லோகோ வரைந்து கொடுத்தவர் எங்கள் ஆள் இல்லை, வெளியே கொடுத்து வாங்கியது. அதில் ஏதாவது சிக்கல் வருமா? வெளிநாட்டுக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் எடுத்துப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மூன்றாம்கரை:

சகோதரி, நீங்கள் கேட்டதில் ஆக முக்கியமான கேள்வி இதுதான். கம்பெனி பெயரில் போடுங்கள், தனிநபர் பெயரில் வேண்டாம். தம்பி மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் இல்லை. டிரேட்மார்க் ஒரு சொத்து. வீடு நிலம் மாதிரி விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம், மற்றவருக்கு உரிமம் கொடுத்துக் காசு வாங்கலாம், பல நாடுகளில் கடனுக்கு அடமானமாகவும் வைக்கலாம். சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி, அதற்காக ராப்பகலாக உழைத்தவர் யார் என்று பத்திரம் கேட்காது.

இதற்கு ரோல்ஸ் ராய்ஸ் கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1998இல் ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டு கொடுத்து அந்தக் கார் கம்பெனியை வாங்கியது. தொழிற்சாலை வந்தது, வேலையாட்கள் வந்தார்கள், காரின் முன்னால் நிற்கும் அந்தப் பெண் சிலையின் உரிமை வந்தது, கிரில் வடிவத்தின் உரிமையும் வந்தது. பெயர் வரவில்லை. ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் விமான இன்ஜின் செய்யும் வேறொரு கம்பெனியிடம் இருந்தது, கார் பிரிவும் இன்ஜின் பிரிவும் எப்போதோ பிரிந்தபோது பெயர் இன்ஜின்காரர்களிடம் தங்கிவிட்டது. அவர்கள் அதை பிஎம்டபிள்யூவுக்கு 4 கோடி பவுண்டுக்கு உரிமம் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு கார் கம்பெனிகளும் பேசி முடித்ததில் 2003இலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்வது பிஎம்டபிள்யூ. ஃபோக்ஸ்வாகனுக்குத் தொழிற்சாலையும் பென்ட்லியும் மிஞ்சின. 43 கோடி கொடுத்தவருக்குக் கட்டடம், 4 கோடி கொடுத்தவருக்குப் பெயர்.

வெளிநாட்டு டிஸ்ட்ரிபியூட்டர் விஷயத்தில் இன்னும் உஷாராக இருங்கள். ஒரு நாட்டில் பதிந்தது அந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். டிஸ்ட்ரிபியூட்டரே அவர் நாட்டில் உங்கள் பெயரைத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடப்பது, சிலர் உங்களுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்தே அப்படிச் செய்வார்கள். அதன்பின் நீங்கள் அவரை மாற்ற நினைத்தால் உங்கள் சரக்கையே அங்கே உங்களால் விற்க முடியாது.

ஆப்பிளுக்கே இது நடந்திருக்கிறது. ஐபேட் என்ற பெயரை 2001இல் சீனாவில் பதிந்து வைத்திருந்தது புரோவியூ என்ற குழுமம். ஆப்பிள் 2009இல் இன்னொரு கம்பெனி மூலமாக அந்தப் பெயரை 35,000 பவுண்டுக்கு வாங்கியது, ஆனால் விற்றது புரோவியூவின் தைவான் கம்பெனி. சீனப் பதிவு இருந்ததோ ஷென்ஜென் கம்பெனியின் பெயரில். நாங்கள் விற்கவே இல்லையே என்று அவர்கள் வழக்குக்கு வந்தார்கள், 2012இல் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் ஆப்பிளால் முடித்துக்கொள்ள முடிந்தது. அவ்வளவு வக்கீல்கள் வைத்திருப்பவர்களுக்கே பதிவேட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது இந்தப் பாடுபடுத்தியது.

அதனால் டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒப்பந்தம் போடும் முன் அவர் நாட்டில் விண்ணப்பித்துவிடுங்கள். 1883ஆம் வருடத்துப் பாரிஸ் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதில் இருக்கும் ஒரு நாட்டில் முதல் விண்ணப்பம் போட்ட 6 மாதத்துக்குள் இன்னொரு உறுப்பு நாட்டில் போட்டால் அங்கேயும் உங்கள் முதல் தேதியே கணக்கு. நடுவில் யாராவது புகுந்து விண்ணப்பித்தாலும் நீங்கள்தான் முந்தியவர். நாடுகள் அதிகம் என்றால் மாட்ரிட் முறையில் வைப்போ வழியாக ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பரிசீலித்துத்தான் முடிவு சொல்லும், இருந்தாலும் ஓடியாடுவது மிச்சம்.

பதிவேடு:

லோகோவைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வெளியாள் வரைந்த படத்தின் காப்புரிமை, அதாவது காப்பிரைட், எழுத்தில் மாற்றித் தரும்வரை, பல நாடுகளில் வரைந்தவருடையதுதான். காசு கொடுத்துவிட்டோம் என்பது போதாது. இந்த லோகோவின் எல்லா உரிமையையும் இன்ன கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இப்போது கேட்டால் சந்தோஷமாகப் போட்டுக் கொடுப்பார், தொழில் வளர்ந்த பிறகு கேட்டால் யோசிப்பார்.

போட்டோக்களை எடுத்துப் போட்டிருக்கிறார் என்றீர்களே, அதற்கு டிரேட்மார்க் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் எடுத்த போட்டோ என்றால் காப்புரிமை உங்களுடையது, அதைச் சொல்லித் தளத்தில் இன்றைக்கே தனியாகப் புகார் கொடுக்கலாம். போனிலோ கேமராவிலோ இருக்கும் மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். போட்டோவை எடுத்தவர் தம்பியோ வேறு யாரோ என்றால் அவரையே அந்தப் புகாரைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வந்தபின் சில நாடுகளில் சுங்கத்துறையிலும் அதைப் பதிந்து வைக்கலாம், போலிச் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். உங்களுக்கு இப்போதைக்குத் தேவைப்படாது, வெளிநாட்டு வேலை ஆரம்பித்ததும் பாருங்கள்.

பெரும்பாலான நாடுகளில் பதிவு 10 வருடத்துக்கு. அப்புறம் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், முடிவே கிடையாது. பேடன்ட், அதாவது புதுக் கண்டுபிடிப்புக்குக் கொடுக்கும் உரிமை, மாதிரி ஒருநாள் காலாவதியாகிற சமாச்சாரம் இல்லை. இங்கிலாந்தில் 1876 ஜனவரி 1ஆம் தேதி முதல் எண்ணாகப் பதிவான பாஸ் மதுபானக் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் இன்னமும் உயிரோடு இருக்கிறது.

நெடுஞ்சாலை:

உயிரோடு இருக்க வேண்டும் என்றால் பெயரை ஒழுங்காகப் பயன்படுத்தவும் வேண்டும். எஸ்கலேட்டர் என்பது ஒரு காலத்தில் ஓட்டிஸ் கம்பெனியின் டிரேட்மார்க். அவர்களே தங்கள் விளம்பரங்களில் அதைப் பொருளின் பொதுப்பெயராக எழுதி எழுதி, 1950இல் அமெரிக்காவில் அந்தப் பதிவு ரத்தானது. ஆஸ்பிரினும் அமெரிக்காவில் பேயரின் கையை விட்டுப் போனது இதே வகையில்தான். பை விற்பவர்களுக்கு இது உடனடிக் கவலை இல்லை, ஆனாலும் உங்கள் பெயரோடு 'பை' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள்.

கைத்தையல்:

கம்பெனி பெயரிலேயே போடுவது என்று பேசி முடித்துவிட்டோம். லோகோ வரைந்தவருக்கு மெயில் அனுப்பியாயிற்று. போட்டோவெல்லாம் நான் எடுத்தவைதான், புகார் கொடுத்ததில் அந்தப் பட்டியலில் இருந்த படங்களை நீக்கிவிட்டார்கள், பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

விண்ணப்பத்தில் 'வகுப்பு' என்று ஒரு கட்டம் வருகிறது. பை என்றால் ஒரே வகுப்புதானே?

பதிவேடு:

இல்லை, இதில் கவனமாக இருங்கள். நீஸ் வகைப்பாடு என்று உலகம் முழுக்கப் பயன்படுவது ஒன்று, மொத்தம் 45 வகுப்புகள், பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11. நீங்கள் எந்த வகுப்பில், எந்தப் பொருளுக்குக் கேட்கிறீர்களோ உரிமை அதைச் சுற்றித்தான். தோள் பையும் பயணப் பையும் 18ஆம் வகுப்பு. லேப்டாப்புக்கென்றே அளவெடுத்துத் தைக்கும் பை 9ஆம் வகுப்பு, எலக்ட்ரானிக் சாமான்களோடு சேர்ந்தது. பிள்ளைகளின் பென்சில் பை 16, எழுதுபொருட்களோடு. மூன்றையும் ஒரே மெஷினில்தான் தைக்கிறீர்கள், ஆனால் வகுப்பு மூன்று, பெரும்பாலான இடங்களில் வகுப்புக்கு வகுப்பு கட்டணமும் தனி.

எல்லாவற்றுக்கும் இப்போது கட்ட முடியாது என்றால் 18ஐ முதலில் போடுங்கள், அதுதானே உங்களுக்கு அதிகம் விற்பது. அடுத்து அந்த ஆள் எதை விற்கிறார் என்று பாருங்கள். லேப்டாப் பை விற்கிறார் என்றால் 9ஐயும் சேர்த்தே கட்டிவிடுங்கள். பென்சில் பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பொருட்களின் பட்டியலைச் சமர்ப்பித்தபின் அதில் குறைக்கலாமே தவிரக் கூட்ட முடியாது, ஆகவே எழுதியதை அனுப்பும் முன் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.